எழுத்து எங்கே தொலைகிறது? இயங்குதள மாற்றமும் மடிக்கணினி விசைப்பலகையும்

இரவு முழுக்க ‘அப்டேட்’ ஓடியிருக்கிறது. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் சில விசைகள் வாய் திறப்பதில்லை. அல்லது ‘@’ அடித்த இடத்தில் மேற்கோள்குறி விழுகிறது. அல்லது ஆங்கிலம் குறையில்லாமல் வருகிறது, தமிழ் மட்டும் கட்டங்கட்டமாக நிற்கிறது. இதைத் திண்டுக்கல்லில் நாலு கடையில் காட்டினால் நாலு பதில் கிடைக்கும். ‘கீபோர்டு போயிருச்சு, மாத்தணும்.’ ‘டிரைவர் பிரச்சினை.’ ‘ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்.’ ‘பழைய விண்டோஸையே போட்டுக்கங்க.’ வாயால் சொல்லப்படுவதால் இவை வெறும் கடைப்பேச்சுபோலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும் காரணமும் உண்டு, ஒவ்வொன்றும் ஏதோவொரு சமயத்தில் சரியாகவும் இருந்திருக்கிறது. அதிகம் கேள்விப்படாத ஐந்தாவது பதில் ஒன்று தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் உரியது.

இந்தக் கேள்வி இப்போது கூர்மையாகியிருப்பதற்குத் தேதியோடு காரணம் சொல்லலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் எக்ஸ்பி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 2020 ஜனவரியிலும் இதேபோல் விடைபெற்றன. ஒவ்வொரு முறையும் வக்கீல் குமாஸ்தா, ஆவண எழுத்தர், டி.டி.பி. சென்டர், அச்சகம், கல்லூரி மாணவர் என்று ஒரு கூட்டமே விருப்பமில்லாமல் இடம்பெயர வேண்டியிருக்கிறது.

விசையிலிருந்து எழுத்து வரை

விசையின் தலையில் அச்சடித்த எழுத்துக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் நேரடி உறவு கிடையாது. விசை ஒரு சுவிட்சு, அவ்வளவுதான். அது அமுங்கியதும் பலகைக்குப் பின்னால் உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ‘இந்த வரிசையில் இந்த இடம்’ என்று ஓர் எண்ணை அனுப்புகிறது. டிரைவர் அந்த எண்ணை வாங்கி இயங்குதளத்திடம் கொடுக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை லேஅவுட் எனப்படும் விசை அமைப்பு முடிவு செய்கிறது. தமிழென்றால் இடையில் இன்னொரு மென்பொருள் உட்கார்ந்து மெய்யையும் உயிரையும் சேர்க்கிறது. கடைசியில் எழுத்துரு அதற்கு உருவம் கொடுக்கிறது.

சங்கிலியில் கண்ணி எங்கே அறுந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்கு ‘கீபோர்டு வேலை செய்யவில்லை’ என்று ஒரே மாதிரிதான் தெரியும். கடைக்காரர்களின் பதில்கள் வேறுபடுவதற்கும் இதுவே காரணம். யாருக்கு எந்தக் கண்ணி கைவந்ததோ அதையே அவர் முதலில் பார்க்கிறார்.

‘கீபோர்டு போயிருச்சு’

பழுது வன்பொருளில்தான் என்பது மிகப் பழைய நிலைப்பாடு. தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கம் இதில் ஒட்டியிருக்கிறது: எழுத்து விழவில்லையென்றால் கம்பி வளைந்திருக்கிறது, நிமிர்த்து.

இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2015 முதல் சில ஆண்டுகள் தன் மடிக்கணினிகளில் வைத்த ‘பட்டர்ஃப்ளை’ விசைப்பலகை, ஒரு துகள் தூசி புகுந்தாலே விசை ஒட்டிக்கொள்ளவோ இரட்டிக்கவோ செய்தது. 2018 ஜூனில் அந்நிறுவனமே இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. அங்கே எத்தனை முறை மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை. கோடை முழுக்கப் புழுதி பறக்கும் திண்டுக்கல் சமவெளியில் சாதாரண மடிக்கணினிக்கும் தூசியும் வெப்பமும் பகைதான். பேட்டரி உப்பி அடியிலிருந்து பலகையைத் தூக்குவதும் உண்டு. அப்படி உப்பியிருந்தால் வேறெதையும் ஆராயாமல் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் காலக்கணக்கில் இருக்கிறது. அப்டேட் முடிந்த மறுநிமிடம் பத்து விசைகள் ஒன்றாகச் சாவது வன்பொருளுக்கு இயல்பல்ல. தற்செயலாக நேரலாம்தான், ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கணினியை அணைத்துத் திறக்கும்போது, இயங்குதளம் எழுவதற்கு முன்பே, தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்2, எஃப்10, டெலீட் போன்றவற்றில் ஒன்றை அழுத்திப் பயாஸ் திரைக்குள் போகலாம். அங்கே அம்புக்குறிகளும் எழுத்துகளும் வேலை செய்தால் பலகை பெரும்பாலும் நலமே. ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம், இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் நிரலும் மாறிவிடக்கூடும். அப்போது சோதனைக்களமே மாறிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பார்ப்பது இரண்டாவது சான்று. அதுவும் அதே தவறான எழுத்தை அடித்தால், மடிக்கணினியின் பலகை குற்றமற்றது.

‘டிரைவர் பிரச்சினை’

சரியாக இருக்கும் வாய்ப்பு கூடுதலாக உள்ள பதில் இது. ஆனால் கேட்பவருக்கும் சில சமயம் சொல்பவருக்கும் ‘டிரைவர்’ என்பது ஒரே பொருள் அல்ல.

விண்டோஸில் விசைப்பலகைக்கான அடிப்படை டிரைவர் அரிதாகவே கெடும். தயாரிப்பாளர்கள் அதன்மேல் ஏற்றிவைக்கும் ‘ஃபில்டர்’ டிரைவர்கள்தான் வம்பு செய்கின்றன. ஒலியைக் கூட்டவும் வெளிச்சத்தைக் குறைக்கவும் உள்ள சிறப்பு விசைகளுக்காக அவை நுழைக்கப்படுகின்றன. 2018 அக்டோபரில் எச்பி கணினிகளுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த ஒரு விசைப்பலகை ஃபில்டர் கோப்பு, மறுதொடக்கத்தில் நீலத்திரையைக் கொண்டுவந்து நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. பலகை மாற்றிப் பணம் வாங்கியிருந்தால் அது வீண்செலவு. எப்போதோ நிறுவி மறந்துபோன விளையாட்டு மென்பொருளோ பழைய தட்டச்சு மென்பொருளோ விட்டுச்சென்ற ஃபில்டரும் இப்படி வழிமறிக்கலாம். புதிய இயங்குதளம் அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காது. விசைப்பலகை முழுவதையும் ஏற்ற மறுத்துவிடும்.

லினக்ஸிலும் இதன் உறவுக்காரக் கோளாறு உண்டு. மடிக்கணினியின் உள் விசைப்பலகை பலவற்றில் இன்னும் பிஎஸ்/2 என்ற பழைய வழியிலேயே பேசுகிறது. அதை லினக்ஸ் கெர்னலின் ‘ஐ8042’ என்ற பகுதி கவனிக்கிறது. 2022 வாக்கில் வந்த ஏஎம்டி ரைசன் 6000 வரிசை மடிக்கணினிகள் சிலவற்றில், புதிய கெர்னல் ஏறியதும் உள் விசைப்பலகை ஊமையானது. பயாஸ் சொல்லும் குறுக்கீட்டு விவரத்தைக் கெர்னல் திருத்தி எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். பிறகு மாடல் மாடலாகப் பெயர் குறித்து விலக்குப் பட்டியல் ஒன்றைக் கெர்னலில் சேர்க்க வேண்டியதாயிற்று. இது முக்கியமான சாட்சியம். வன்பொருளும் கெடவில்லை, டிரைவரும் கெடவில்லை, இரண்டுக்கும் இடையே உள்ள உடன்பாடுதான் கெட்டது.

செய்யக்கூடியது எளிது. டிவைஸ் மேனேஜரில் ‘கீபோர்டுகள்’ என்ற பகுதியில் உள்ளதை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் தானாக அடிப்படை டிரைவரைப் போட்டுக்கொள்ளும். முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக்’ பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் பழைய பிரதி இல்லை என்று பொருள். அப்போது தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குரியதைத் தேட வேண்டும். இங்கே ‘ஷட்டவுன்’ போதாது. விரைவுத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத்தூக்கம், கெட்டுப்போன நிலை அப்படியே பாதுகாக்கப்பட்டு மறுநாள் எழுந்துவரும். ‘ரீஸ்டார்ட்’தான் உண்மையான புதுத் தொடக்கம்.

இந்த நிலைப்பாட்டுக்குள் ஒரு முரண்நகை உண்டு. விண்டோஸ் 10 விடைபெற்ற அதே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட், பழுதுநீக்கத் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. சாதாரணமாக விண்டோஸ் ஓடும்போது எல்லாம் சரி. பழுது பார்க்க உள்ளே போனால் மட்டும் கை கட்டப்பட்டிருக்கும். ஆறு நாளில், அக்டோபர் 20-இல், அவசரத் திருத்தம் வந்தது.

அமைப்புகள்

அமைப்புகள் மாறிப்போவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் தீர்வும் சுருக்கம். மேம்படுத்தலின்போது மொழிப் பட்டியலில் கேட்காத விசை அமைப்பு ஒன்று சேர்ந்துவிடுவது உண்டு. ‘@’ குறியும் மேற்கோள்குறியும் இடம் மாறியிருந்தால் அது பிரிட்டன் ஆங்கில அமைப்பு. மொழிப் பட்டியலில் அதை நீக்கினால் முடிந்தது. யு, ஐ, ஓ, ஜே, கே, எல் விசைகளில் எண்கள் விழுந்தால் நம்லாக் விழித்திருக்கிறது. வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திக்கொண்டிருந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ விழித்துக்கொள்ளும். பிறகு சட்டெனத் தட்டும் விசைகள் எதுவும் ஏறாது, நிதானமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் விழும். இந்த மூன்றுக்கும் பைசா செலவில்லை. புதுப் பலகை போட்டாலும் மூன்றும் தீராது.

‘ஃபார்மட் அடிச்சாத்தான்’

வேரோடு அழித்துப் புதிதாகப் போடு என்பது விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து ஞானம். ஆண்டுக்கொருமுறை ஃபார்மட் அடிப்பது அன்று வெள்ளையடிப்பதுபோல ஒரு வழக்கம். இன்றும் அது பல சமயம் பலிக்கிறது. அநாதையான ஃபில்டர்கள், குழம்பிய அமைப்புகள் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடுகின்றன. ஆனால் எது காரணம் என்ற தடயமும் போய்விடுகிறது. அடுத்த அப்டேட்டில் அதே கோப்பு திரும்பி வந்தால் மறுபடியும் ஃபார்மட்.

தமிழ்த் தட்டச்சாளருக்கு இதில் கூடுதல் இழப்பு ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளாகச் சேர்த்த எழுத்துருக்களும், நிறுவும் கோப்பு இப்போது எங்கும் கிடைக்காத பழைய தட்டச்சு மென்பொருளும் அந்த வீச்சில் சேர்ந்து போகும். கோப்புகளைக் காப்பாற்றித் தரும் கடைக்காரர்கூட எழுத்துருக் கோப்புறையை நினைத்துப் பார்ப்பது அபூர்வம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கணக்கு இங்கே முழுசாகப் பொருந்துகிறது.

தமிழ் மட்டும் வரவில்லை

இதுவரை சொன்னவை உலகத்துக்குப் பொது. தமிழின் கதை தனி, அதற்கு நூறாண்டுக்கு நெருங்கிய முன்வரலாறு இருக்கிறது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா வகுத்த தட்டச்சு விசை அமைப்பு, இயந்திரத்தின் இயல்பைப் பார்த்துச் செய்யப்பட்டது. புள்ளி அடிக்கும்போது உருளை நகராது, ஆகவே புள்ளி முதலில், மெய்யெழுத்து பிறகு. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் அதையும் முதலில் அடிக்க வேண்டும். தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் லோயர், ஹையர் தேர்வுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்தக் கைப்பழக்கத்தையே ஊட்டின. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ இருந்து தேர்வுக்குத் தயாராகும் பிள்ளையின் விரல் இன்றும் அங்கேதான் பழகுகிறது.

கணினி வந்தபோது இந்தக் கையை ஏற்றுக்கொள்ள ஒரு குறுக்குவழி கண்டார்கள். உள்ளே ஆங்கில எழுத்தின் எண், மேலே தமிழ் உருவம். தமிழக அரசு அலுவலகங்களில் வெகுகாலம் புழங்கிய வானவில், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினி போன்ற எழுத்துருக்கள் எல்லாம் இந்த வழி. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை, வேடமிட்ட ஆங்கிலம்தான்.

ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு பார்த்தால் சிக்கல் விளங்கும். ‘அம்மா’ என்று அடிக்க வேண்டும். பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து தட்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாக அதே ஆண்டு ஜூனில் அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் ஏ, கே, கே, க்யூ என்ற நான்கே தட்டு. மகரம் இரட்டித்தால் புள்ளி தானே விழும். மத்திய அரசு 1980-களில் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்டில் ஷிஃப்டோடு டி, பிறகு சி, டி, சி, இ. ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவோமோ அப்படி. ஒரே பலகை, ஒரே சொல், நான்கு வழி.

இப்போது மேம்படுத்தலுக்கு வருவோம். புதிய விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்க்கிறார் ஒருவர். ‘தமிழ்’ என்று மொட்டையாகப் பெயரிட்ட விசை அமைப்பு முன்னால் நிற்கிறது. அது இன்ஸ்கிரிப்ட், தமிழ்நாட்டில் எந்தப் பயிலகமும் பரவலாகக் கற்றுக்கொடுக்காத அமைப்பு. ‘தமிழ் 99’, ‘தமிழ் அஞ்சல்’ என்பவை அதே பட்டியலில் சற்றுத் தள்ளி இருக்கின்றன. 2019 மே மாத மேம்படுத்தலிலிருந்து ஒலிபெயர்ப்பு அமைப்பும் கூடவே கிடைக்கிறது. மொட்டைப் பெயரைத் தேர்ந்தவருக்கு எந்த விசையும் எதிர்பார்த்த எழுத்தைத் தராது. பலகை பழுதென்று அவர் முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை, பெயர் வைத்தவர்களைச் சொல்லலாம்.

இரண்டாவது வகைக் கோளாறு இடைமென்பொருளில் வருகிறது. அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகியவை தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டைத் தோளில் சுமந்தவை. இவ்வகை மென்பொருள்களில் பல, விசைத்தட்டை நடுவழியில் பிடித்துத் தமிழாக்கித் திருப்பி அனுப்பும் முறையில் எழுதப்பட்டவை. 2007-இல் வந்த விஸ்டா, குறைந்த உரிமையுள்ள நிரல் மேலுரிமையுள்ள சாளரத்துக்குள் தட்டுகளைச் செலுத்தக்கூடாது என்று தடை போட்டது. விண்டோஸ் 8-இன் புதுவகைச் செயலிகள் இன்னும் கறாராக இருந்தன. நோட்பேடில் தமிழ் வரும், வேறொரு சாளரத்தில் வராது என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. மென்பொருள் கெடவில்லை, அது நுழைந்துவந்த சந்தினை அடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக் கோணத்தில் பார்த்தால் அடைத்ததும் நியாயமே, ஏனெனில் கடவுச்சொல் திருடும் நிரல்களும் அதே சந்தில்தான் வந்தன.

மூன்றாவது வகை வரிசைக் குழப்பம். ஒருங்குறியில் (யூனிகோட்) ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, தட்டச்சாளர் விரல் அதை முன்னால் அடிக்கிறது. நல்ல இடைமென்பொருள் கொம்பைக் கையில் பிடித்துவைத்து, மெய் வந்ததும் பின்னால் பொருத்தும். மேம்படுத்தலுக்குப் பிறகு அந்த இடைமென்பொருள் முந்தைய எழுத்தைத் திரும்பிப் பார்க்க முடியாமல் போனால், கொம்பு ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும். திரையில் அந்த வட்டத்தைக் கண்டால் பலகையையும் டிரைவரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்தத் தளத்தில் மூன்று கட்சிகள் நெடுங்காலமாக வாதாடுகின்றன. எல்லாரும் தமிழ்99-க்கு மாறுங்கள் என்கிறது ஒன்று. இலக்கண ஒழுங்கும் வேகமும் அதன் பலம். தேர்வும் வேலையும் பழைய தட்டச்சில் இருக்க, தரம் மட்டும் வேறொன்றில் இருப்பது அதன் முட்டுக்கட்டை. ஒலிபெயர்ப்பே போதும் என்கிறது இன்னொன்று. கைப்பேசித் தலைமுறைக்கு அது இயல்பு, ஆனால் தமிழுக்குப் போக ஆங்கிலத்தின் வாசல் வழியே நுழைய வேண்டும். பழைய கையை விடாதீர்கள் என்பது மூன்றாவது. உணர்ச்சிவசம் என்று இதைத் தள்ள முடியாது, நாளுக்கு முப்பது பக்கம் அடிக்கும் ஆவண எழுத்தருக்கு விரல் நினைவுதான் வருமானம். இவருக்குத் தேவை புதிய அமைப்பு அல்ல, பழைய அமைப்பில் அடித்தால் ஒருங்குறியில் விழும் நம்பகமான மென்பொருள். தமிழ் இணையக் கல்விக்கழகம் ‘கீழடி’ விசைப்பலகையையும், பழைய குறியீட்டை ஒருங்குறியாக்கும் ‘தமிழி’ மாற்றியையும் இலவசமாகத் தருகிறது. கீமேன் என்ற தட்டச்சு மென்பொருளும் இப்போது இலவசம். இவற்றை அறியாமல் இன்னும் எத்தனையோ கணினிகளில் பழைய எழுத்துருவைப் பிரதியெடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பழையதே போதும் என்போர்

மேம்படுத்தாமலே இருப்பதும் ஒரு நிலைப்பாடுதான், அதில் அனுபவ அறிவும் கொஞ்சம் இருக்கிறது. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்? இணையத்தோடு தொடர்பில்லாத அச்சகக் கணினிக்கு இந்த வாதம் இன்றும் செல்லும். பத்திரப்பதிவும் வரியும் இணையவழிக்கு வந்துவிட்ட பிறகு மற்றவர்களுக்குச் செல்லுபடியாவது குறைந்துகொண்டே போகிறது. தனிநபர் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள்கூட 2026 அக்டோபர் 13 வரை என்றே முதலில் அறிவிக்கப்பட்டன.

விருப்பமிருந்தாலும் மேம்படுத்த முடியாத நிலையும் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மாணவர் கைக்குப் போயின. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, புதிய தலைமுறைச் சில்லு ஆகிய நிபந்தனைகளை அவற்றில் பெரும்பாலானவை எட்டாது. நிபந்தனையைக் குறுக்குவழியில் தாண்டி ஏற்றினால், அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் என்று ஒன்று தயாரிப்பாளரிடம் இருக்காது. விசைப்பலகை மக்கர் செய்தால் கேட்க ஆளில்லை. அத்திட்டக் கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது என்பதைப் பலர் மறந்தேவிட்டார்கள். தமிழ்99 உள்ளிட்ட அமைப்புகள் லினக்ஸில் வெளி மென்பொருள் தேடாமலே கிடைக்கின்றன. பழைய கருவிக்கு அது மதிப்பான வாய்ப்பு. ஆனால் பக்கத்துக் கடையில் அதைப் பார்த்துத் தரும் கை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

தீராமல் நிற்பவை

விசை அமைப்பைச் சரிசெய்வதற்கும் டிரைவரைச் சரிசெய்வதற்கும் வழிகள் தெரிந்தவையே. தெரியாதவை வேறு இடத்தில் இருக்கின்றன. தட்டச்சுத் தேர்வு கற்றுத்தரும் கையும் அரசு அறிவித்த தரமும் கால் நூற்றாண்டாகச் சேராமலே நிற்கின்றன. எது எதன் பக்கம் நகரும் என்பதற்கு இதுவரை தெளிவான குறி இல்லை. பழைய குறியீட்டில் அடித்துக் குவித்த பத்திரங்களையும் நூல்களையும் மாற்றிகள் கொண்டு பிழையின்றி ஒருங்குறிக்குக் கொண்டுவர முடியுமா என்பதற்கும் விடை எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுகிறது. தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கருவிகள் தருவதாக அறிவித்தது. அவற்றில் தமிழ் விசை அமைப்பு எது முன்னிருப்பாக இருக்க வேண்டும் என்பது சின்னக் கேள்விபோலத் தெரியும். அடுத்த மேம்படுத்தலில் எத்தனை பேர் கடைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பது அதையும் பொறுத்தது.

அதுவரை, மேம்படுத்தும் பொத்தானை அழுத்துமுன் ஒரு தாளை எடுத்து நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: கணினியின் மாடல் எண், தமிழ் அடிக்கும் மென்பொருளின் பெயர், விசை அமைப்பின் பெயர், எழுத்துருவின் பெயர். எழுத்துருக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு அந்தத் தாளோடு வையுங்கள். கடைக்குப் போக நேர்ந்தால் கணினியோடு தாளையும் நீட்டுங்கள்.